ஓய்வு கேட்கும் வாத்துகள்

நுழையும்முன்

போருக்கெனப் பிறந்த கருவிகள் போர் முடிந்தபின் என்ன ஆகின்றன? சில உருக்கப்படுகின்றன, சில அருங்காட்சியகங்களைச் சேர்கின்றன, சில வேறு பணிக்கு அனுப்பப்படுகின்றன. இரண்டாம் உலகப்போரில் நிலத்திலும் நீரிலும் ஓடிய ஓர் ஊர்தி, அமைதிக்காலத்தில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்தது. அதன் இரண்டாம் வாழ்க்கை பலருக்கு மகிழ்ச்சியையும் சிலருக்கு ஆறாத் துயரையும் தந்தது. பழம்பொருளைப் போற்றுவது எவ்வாறு என்னும் வினாவை அவ்வூர்தியின் கதைவழியே எழுப்புகிறது இக்கட்டுரை.

*

‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்’ என்பது நம் ஊர்களில் வழங்கும் பழமொழி. வாழ்வின் ஏற்றத்தாழ்வைச் சுட்ட எழுந்த இம்மொழிக்குள் ஓர் எளிய உண்மை பொதிந்துள்ளது. ஓடத்துக்கு உரிய இடம் நீர்; வண்டிக்கு உரிய இடம் நிலம். இடம் மாறும்போது ஒன்று மற்றொன்றுக்குச் சுமையாகிறது. தேரையும் நாவாயையும் எடுத்துக்காட்டி, எதற்கும் உரிய இடம் உண்டு என்பதை உணர்த்தியவர் வள்ளுவர். ஆயினும் ஒரே உடலில் வண்டியும் ஓடமுமாக இருக்கும் ஊர்தியைப் படைக்க வேண்டும் என்னும் வேட்கை மனிதரை விட்டு அகலவில்லை. அவ்வேட்கையைப் பேரளவில் நிறைவேற்றியது ஒரு பெரும்போர்.

போர் ஈன்ற ஊர்தி

1942ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைகளுக்கு முன்னின்ற இடர் ஒன்றுண்டு. பகைவர் வசமிருந்த கடற்கரைகளில் வீரர்களை இறக்கிவிடலாம். ஆனால் அவர்களுக்குத் தேவையான உணவு, மருந்து, வெடிபொருள் ஆகியவற்றை இறக்கத் துறைமுகம் இல்லை. பெருங்கப்பல்கள் கரையை அணுக முடியாமல் ஆழ்நீரிலேயே நின்றுவிடும். சிறு படகுகளில் பொருள்களைக் கொண்டுவந்தாலும், மணற்கரையில் இறக்கி மீண்டும் வண்டிகளில் ஏற்ற வேண்டும். குண்டுமழைக்கு நடுவே இவ்விரட்டை வேலைக்கு நேரம் ஏது?

இதற்கு விடையாக, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் உருவாக்கி வந்த ஆறு சக்கரச் சரக்குந்து ஒன்றுக்குப் படகின் உடல் பொருத்தப்பட்டது. பாய்மரப் படகு வடிவமைப்பில் புகழ்பெற்ற ராட் ஸ்டீபன்ஸ், பிரித்தானியக் கடலோடியான டென்னிஸ் புலெஸ்டன், பொறியாளர் ஃபிராங்க் ஸ்பியர் ஆகியோர் இதன் வடிவமைப்பில் பங்கேற்றனர். ஏறத்தாழ 9.4 மீட்டர் நீளமும் ஆறரை டன் எடையும் கொண்ட இவ்வூர்தி, சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவிலும் நீரில் மணிக்கு 10 கிலோமீட்டர் விரைவிலும் செல்லும். இரண்டரை டன் சரக்கையோ இருபத்தைந்து வீரரையோ அது சுமக்கும். மென்மணலில் புதையாமல் இருக்க, இருக்கையில் அமர்ந்தவாறே சக்கரங்களின் காற்றழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஓட்டுநருக்கு வழி செய்யப்பட்டிருந்தது. அக்காலத்தில் இது புதுமையிலும் புதுமை.

படைத்தலைவர் பலர் இவ்வூர்தியை முதலில் ஐயத்தோடே நோக்கினர். 1942ஆம் ஆண்டு டிசம்பரில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் புராவின்ஸ்டவுன் கடற்கரைக்கு வெள்ளோட்டத்துக்காக அது கொண்டுவரப்பட்டிருந்தது. அவ்வேளையில் கடும்புயலில் சிக்கிய கடலோரக் காவற்படைப் படகொன்று மணல்திட்டில் தட்டி நின்றது. வேறு படகுகள் நெருங்கவியலாத அலைகளுக்குள் இப்புதிய ஊர்தி இறங்கி, அப்படகில் இருந்த எழுவரையும் கரைசேர்த்தது. உயிர்காத்த அந்நிகழ்வே அதன்மீதிருந்த ஐயத்தை நீக்கியது. இதன் பிற்கால வரலாற்றைப் படிக்கையில் இத்தொடக்கத்தை நாம் மறத்தலாகாது.

தெரிந்து தெளிவோம்

இவ்வூர்திக்கு இடப்பட்ட பெயர் ‘டி.யு.கே.டபிள்யூ.’ என்னும் நான்கு எழுத்துகள். நிறுவனத்தின் குறியீட்டு முறைப்படி, டி என்பது 1942ஆம் ஆண்டு வடிவத்தையும், யு என்பது நிலநீர்ப் பயன்பாட்டையும், கே என்பது முன்சக்கரங்களுக்கும் விசை செல்வதையும், டபிள்யூ என்பது பின்புறத்தில் விசைபெறும் அச்சுகள் இரண்டு இருப்பதையும் குறிக்கும். இவ்வெழுத்துகளைச் சேர்த்து ஒலித்த வீரர்களின் வாயில் அது ‘டக்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் அச்சொல் வாத்தைக் குறிக்கும். நிலத்தில் நடந்து நீரில் நீந்தும் ஊர்திக்கு அப்பெயர் இயல்பாகவே பொருந்திவிட்டது.

களம் கண்ட வாத்துகள்

1943ஆம் ஆண்டு ஜூலையில் சிசிலித் தீவில் நேசநாட்டுப் படைகள் இறங்கியபோது இவ்வூர்திகள் பெருமளவில் பயன்பட்டன. 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் தொடங்கிய நார்மண்டிப் படையிறக்கத்தில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓயாது சென்றுவந்தவை இவையே. செல்லும்போது சரக்கு, திரும்பும்போது காயம்பட்ட வீரர்கள். பசிபிக் தீவுகளிலும், 1945இல் ரைன் ஆற்றைக் கடந்தபோதும் இவற்றின் பணி தொடர்ந்தது. போர் முடியும்வரை 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்திகள் கட்டப்பட்டன.

ஆயினும் போர்க்காலமே இவ்வூர்தியின் குறையையும் காட்டிவிட்டது. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் இரவு, இத்தாலியின் கார்டா ஏரியைக் கடந்துகொண்டிருந்த ஊர்தியொன்று கொந்தளிப்பில் சிக்கி மூழ்கியது. அதில் இருந்த 25 அமெரிக்க வீரர்களில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். ஐரோப்பாவில் போர் முடிய ஒரு வாரமே எஞ்சியிருந்தது. ஏரியின் அடியில் 276 மீட்டர் ஆழத்தில் அவ்வூர்தியைக் கண்டறிந்தது 2012ஆம் ஆண்டில்தான். மூழ்கியவற்றை நீர் நெடுங்காலம் மறைத்துவைக்கும். ஆனால் அவை சொல்லும் செய்தி மாறுவதில்லை.

அச்செய்தியை விளங்கிக்கொள்ளக் கட்டுமரத்தை நினைத்துப் பார்க்கலாம். கட்டுமரம் மிதப்பது அதன் மரத்தாலேயே. அலை மேலேறி வழிந்தாலும் அது மூழ்குவதில்லை. எஃகுத் தகட்டால் ஆன கலம் அவ்வாறன்று. தன் வயிற்றுக்குள் அடைத்துவைத்திருக்கும் காற்று இடத்தால்தான் அது மிதக்கிறது. அவ்விடத்தை நீர் நிறைத்துவிட்டால் கலம் கல்லாகிவிடும். இக்காலப் பயணக் கலங்களில் இதனைத் தடுக்கத் தனித்தனி அறைகளோ, நீர் புகாத மிதவைப் பொருளோ வைக்கப்படுகின்றன. நீர் நிறைந்தாலும் கலத்தைத் தாங்கி நிற்கும் இவ்வாற்றலைக் ‘காப்பு மிதப்பாற்றல்’ எனலாம். போர்க்கால வாத்துகளுக்கு அது இல்லை. உள்ளே புகும் நீரை இறைத்து வெளியேற்றும் பொறிகளையே அவை நம்பியிருந்தன. இயந்திரம் நின்றால் அப்பொறிகளும் நிற்கும். அவற்றைக் கட்டியவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். சில மாதங்கள், மிஞ்சினால் சில ஆண்டுகள், போரில் உழைத்தால் போதும் என்னும் கணக்கில் கட்டப்பட்ட ஊர்தி அது. எண்பது ஆண்டுகள் குழந்தைகளைச் சுமக்கும் என்று அவர்களில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் வாழ்க்கை

போர் முடிந்தபின் மிஞ்சிய ஊர்திகளைப் படைத்துறை குறைந்த விலைக்கு விற்றது. சில மீட்புப் பணிக்குச் சென்றன; சில உடைக்கப்பட்டு இரும்பாயின. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிலவற்றுக்குப் புதிய தொழில் கிடைத்தது. சாலையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு, வண்டியை நிறுத்தாமலே நீருக்குள் இறங்கும் சுற்றுலா அங்குத் தொடங்கிற்று. விஸ்கான்சின் டெல்ஸ் என்னும் ஊர் அதற்குப் பெயர்பெற்ற இடமானது. நாளடைவில் ஆர்கன்சா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ், மிசூரி மாநிலத்துப் பிரான்சன், பாஸ்டன், சியாட்டில், பிலடெல்பியா எனப் பல ஊர்களுக்கு அது பரவியது. கடல் கடந்து இலண்டனுக்கும் லிவர்பூலுக்கும் சென்றது. நம் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூரிலும், வியட்நாம் போர்க்காலத்தைச் சேர்ந்த வேறுவகை நிலநீர் ஊர்திகளைக் கொண்டு இத்தகைய சுற்றுலா நடைபெறுகிறது.

இச்சுற்றுலாவின் ஈர்ப்பை உணர்வது கடினமன்று. சாலையில் ஓடும் வண்டி சட்டென நீரில் இறங்கும் அந்த ஒரு நொடியில் பெரியவரும் குழந்தையாகிவிடுவர். ஓட்டுநர் நகரின் வரலாற்றை நகைச்சுவையோடு சொல்வார். பாஸ்டனில் விளையாட்டு அணிகள் வெற்றிவாகை சூடும்போது வீரர்கள் இவ்வகை ஊர்திகளில் ஏறித்தான் ஊர்வலம் வருகின்றனர். போரின் கருவி மக்களின் கொண்டாட்டமாக மாறுவதைக் காட்டிலும் அழகான மாற்றம் வேறென்ன இருக்க முடியும்? வாளை உருக்கிக் கொழுவாக்கியதைப் போன்றதே இது என்று எவரும் மகிழலாம். ஆனால் வாளை உருக்கிக் கொழு செய்யும்போது, உலையில் இட்டுப் புதிதாக வடிக்கிறோம். வாளை வாளாகவே வைத்துக்கொண்டு உழுவதில்லை.

நீர் சொன்ன முதற்பாடம்

1999ஆம் ஆண்டு மே 1ஆம் நாள், ஹாட் ஸ்பிரிங்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஹாமில்டன் ஏரியில் ‘மிஸ் மெஜஸ்டிக்’ என்னும் ஊர்தி 21 பேருடன் இறங்கியது. சில நிமிடங்களில் அதன் பின்புறத்தில் நீர் ஏறியது; கலம் விரைவாக மூழ்கியது. 13 பேர் உயிரிழந்தனர்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவ்விபத்தை ஆராய்ந்தது. சுழல்தண்டு செல்லும் வழியை மூடியிருந்த இரப்பர் உறை சரிவரப் பொருத்தப்படாமல் பெயர்ந்ததால் நீர் புகுந்தது என்றும், பழுதுபார்த்தலும் பராமரிப்பும் போதாமையே விபத்துக்குக் காரணம் என்றும் அது கண்டறிந்தது. அத்தோடு அவ்வாய்வு நிற்கவில்லை. ஓர் உறை பெயர்ந்ததற்கு ஏன் 13 உயிர்கள் போக வேண்டும் என்று அடுத்த வினாவையும் எழுப்பியது. விடைகள் இரண்டு. ஒன்று, நீர் புகுந்த கலத்தைத் தாங்கும் காப்பு மிதப்பாற்றல் இல்லை. மற்றொன்று, வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பாகச் சுற்றுலாக்காரர் பொருத்திய மேற்கூரை. கலம் கீழே செல்லும்போது, மேலே எழ முயன்றவர்களை அக்கூரை வலையாய் மறித்தது.

போர்க்களத்து ஊர்தியில் அக்கூரையும் வரிசையான இருக்கைகளும் இல்லை. பயணிகளின் வசதிக்காகச் சேர்த்தவையே இடர்க்காலத்தில் அவர்களுக்குத் தடையாயின. காப்பு மிதப்பாற்றலைச் சேர்க்க வேண்டும், அதுவரை கூரைகளை அகற்ற வேண்டும் என்று வாரியம் பரிந்துரைத்தது. பரிந்துரை தெளிவானது, காரணம் விளக்கப்பட்டது. ஆனால் அப்பரிந்துரையைக் கட்டாயமாக்கும் அதிகாரம் அவ்வாரியத்துக்கு இல்லை. அதிகாரம் இருந்தவர்கள் அதனைக் கட்டாயமாக்கவில்லை.

கேளாச் செவிகள்

2010ஆம் ஆண்டு ஜூலையில் பிலடெல்பியாவில் டெலவேர் ஆற்றின் நடுவே, பழுதாகி நின்ற ஊர்தியின்மீது இழுவைக்கப்பல் தள்ளிவந்த பெரும்படகு மோதியது. அங்கேரி நாட்டிலிருந்து வந்திருந்த இளம் மாணவர் இருவர் உயிரிழந்தனர். இழுவைக்கப்பலைச் செலுத்தியவர் அவ்வேளையில் கைப்பேசியில் கவனம் செலுத்தியிருந்தார் என்பது ஆய்வில் வெளிப்பட்டது.

2013ஆம் ஆண்டு ஜூனில் லிவர்பூல் நகரின் கப்பல்துறையில் ஓர் ஊர்தி மூழ்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் இலண்டனின் தேம்ஸ் ஆற்றில் மற்றோர் ஊர்தி தீப்பற்றியது. இரண்டிலும் இருந்த அனைவரும் உயிர் தப்பினர். இவ்விரு நிகழ்வுகளையும் ஒருசேர ஆராய்ந்த பிரித்தானியப் புலனாய்வாளர்களின் முடிவு நம்மைச் சிந்திக்கவைப்பது. பிரித்தானிய விதிகள் மிதவைப் பொருளை வலியுறுத்தியிருந்தன. லிவர்பூல் ஊர்தியில் அடைக்கப்பட்டிருந்த மிதவை நுரைப்பொருள் போதவில்லை, ஆதலால் மூழ்கியது. இலண்டன் ஊர்தியிலோ, தேவையான அளவை எட்டுவதற்காகக் கிடைத்த இடத்திலெல்லாம் நுரைப்பொருள் நெருக்கி அடைக்கப்பட்டது. சுழலும் தண்டில் அது உராய்ந்து தீப்பற்றிக்கொண்டது. மருந்து குறைந்தால் நோய் தீரவில்லை. மருந்து மிகுந்தால் மருந்தே நோயாயிற்று. பழைய உடலுக்குள் புதிய பாதுகாப்பைத் திணிக்க முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் சியாட்டில் நகரத்துப் பாலமொன்றில், ஓர் ஊர்தியின் முன் அச்சுக்கூடு முறிந்தது. கட்டுப்பாட்டை இழந்த ஊர்தி எதிரே வந்த பேருந்தின்மீது மோதியதில் ஐவர் மாண்டனர். அந்த அச்சுக்கூட்டில் முறிவு ஏற்படக்கூடும் என்றும், அதனைச் சீர்செய்ய வேண்டும் என்றும் ஊர்தியை மாற்றியமைத்த நிறுவனம் 2013ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அவ்வேலை உரியவாறு செய்யப்படவில்லை.

2018ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் மாலை, பிரான்சன் நகரின் டேபிள் ராக் ஏரியில் 31 பேருடன் ஓர் ஊர்தி இறங்கியது. கடும் இடிமழைக்கான எச்சரிக்கை இருபது நிமிடங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. ஏரியில் இருந்தபோது சூறைக்காற்று வீசியது. அலைகள் உள்ளே புகுந்தன, கலம் மூழ்கியது. மேற்கூரையும் பக்கத் திரையும் வெளியேறும் வழியை மறித்தன. உயிர்காப்பு அங்கிகள் கலத்தில் இருந்தும் அணியப்படவில்லை. 17 பேர் இறந்தனர். அவர்களுள் ஒன்பதின்மர் ஒரே குடும்பத்தினர்.

எச்சரிக்கை வெளிவந்த பின்னும் பயணத்தைத் தொடர்ந்ததே முதன்மைக் காரணம் என்றது பாதுகாப்பு வாரியம். அதனோடு, 1999ஆம் ஆண்டு விபத்தின்பின் தான் அளித்த பரிந்துரைகளைக் கடலோரக் காவற்படை நடைமுறைப்படுத்தாததும் உயிரிழப்புக்குத் துணைநின்றது என்று பதிவுசெய்தது. ஹாட் ஸ்பிரிங்ஸில் 13 பேர். பிரான்சனில் 17 பேர். இடையில் 19 ஆண்டுகள். அதே இரு குறைகள்: மிதப்பாற்றல் இன்மை, மேற்கூரை.

காப்பு மிதப்பாற்றல், கூரை அகற்றல், கடும் வானிலை எச்சரிக்கையின்போது நீரில் இறங்காமை ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் சட்டம் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் நிறைவேறியது. முதற்பாடம் கற்பிக்கப்பட்ட நாளிலிருந்து 23 ஆண்டுகள் கழித்தே அது ஏட்டில் ஏறியது.

மறுதரப்பின் நியாயம்

இவ்வூர்திகளைத் தொடர்ந்து இயக்க வேண்டும் என்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனைச் செவிமடுத்தல் நம் கடமை.

எல்லா ஊர்திகளும் விபத்துக்கு உள்ளாகின்றன என்பது அவர்களின் முதல் வாதம். பேருந்து கவிழ்கிறது என்பதற்காகப் பேருந்தை எவரும் ஒழிப்பதில்லை. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ பயணங்கள் தீங்கின்றி நிறைவுற்றுள்ளன. பிலடெல்பியாவில் பிழை இழுவைக்கப்பலுடையது. பிரான்சனில் பிழை பயணத்தை நிறுத்தாதவர்களுடையது. மனிதர் செய்த பிழைக்கு இரும்பைத் தண்டிக்கலாமா என்று அவர்கள் கேட்கின்றனர்.

இரண்டாம் வாதம் நினைவைப் பற்றியது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அசையாமல் நிற்கும் ஊர்தி, பெயர்ப்பலகையோடு கூடிய இரும்புக் குவியலாகிவிடும். அதே ஊர்தி உறுமிக்கொண்டு நீரில் இறங்கும்போது, நார்மண்டிக் கரையில் அமர்ந்திருந்த இருபது வயது இளைஞனின் நெஞ்சத் துடிப்பைப் பேரக்குழந்தை உணரும். நூல் தராத வரலாற்று உணர்வு அது என்கின்றனர். மூன்றாவதாக, இத்தொழிலை நம்பி வாழும் ஓட்டுநர், பழுதுபார்ப்போர், சிற்றூர் வணிகர் ஆகியோரின் பிழைப்பும் இதில் அடங்கியுள்ளது.

இவற்றுள் நினைவைப் பற்றிய வாதம் என்னைப் பெரிதும் கவர்கிறது. பிழைப்பைப் பற்றிய வாதத்தையும் புறந்தள்ள இயலாது. ஆயினும் முதல் வாதம் ஏற்கத்தக்கதன்று. விபத்து நேர்ந்தது என்பது இங்கே குற்றச்சாட்டு அன்று. அறிந்த காரணத்தாலேயே மீண்டும் உயிர்கள் போயின என்பதே குற்றச்சாட்டு. மனிதர் பிழை செய்வர் என்பதும் உண்மை. அதனாலேயே, அவர் செய்யும் ஒரு பிழையைத் தாங்கிக்கொள்ளும் கலம் வேண்டும். பழுதுபார்ப்பவர் ஓர் உறையைத் தளர்வாகப் பொருத்தினாலும், மேலாளர் வானத்தைத் தவறாகக் கணித்தாலும், பயணிகள் நீந்தி வெளிவரும் நேரம்வரையேனும் மிதந்து நிற்பதே நற்கலம். போர்க்கால வாத்து ஒரு பிழையையும் பொறுப்பதில்லை. களத்தில் இறங்கிய வீரர் இடரை அறிந்தே ஏறினார். விடுமுறைக்கு வந்த குழந்தை அவ்வாறு ஏறுவதில்லை.

நாம் செய்யத்தக்கவை

அவ்வாறாயின் எஞ்சியிருக்கும் இவ்வூர்திகளை என் செய்வது? அனைத்தையும் உடைத்து இரும்பாக்குவது நன்றிகொன்ற செயலாகும். புயலில் எழுவரைக் காத்தும், காயம்பட்டோரைக் கரையிலிருந்து கப்பலுக்குச் சுமந்தும் உழைத்த படைப்பு அது. போரில் உழைத்து முதுமையுற்ற வீரரைக் காவற்பணிக்கு அனுப்புவோர் இல்லை. அவருக்கு ஓய்வளித்துச் சிறப்புச் செய்கிறோம். அதே நெறியை இவ்வூர்திகளுக்கும் கைக்கொள்ளலாம் என்பது என் துணிபு. வழிகள் மூன்றைச் சொல்வேன்.

முதலாவது, போர்க்காலத்தில் கட்டப்பட்ட மூல ஊர்திகள் கட்டணப் பயணிகளைச் சுமப்பதிலிருந்து ஓய்வு பெற வேண்டும். அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்திலுள்ள தரைப்படைப் போக்குவரத்து அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இவ்வகை ஊர்திகள் காக்கப்படுகின்றன. தனியார் சேகரிப்பாளர் சிலரும் இவற்றைப் பெற்றோரைப்போல் பேணுகின்றனர். நினைவுநாள்களில் தேர்ந்த வல்லுநர்கள், உயிர்காப்பு அங்கி அணிந்து, பயணிகள் எவருமின்றி இவற்றை நீரில் இறக்கிக் காட்டலாம். கரையில் நின்று காணும் குழந்தையும் அவ்வுறுமலைக் கேட்கும். அந்நெஞ்சத் துடிப்பை உணரும்.

இரண்டாவது, சுற்றுலா தொடர வேண்டுமெனில் புதிய கலங்கள் வேண்டும். நீர் நிறைந்தாலும் மிதக்கும் உடலும், தடையின்றி வெளியேறும் வழியும், தனி விசையில் இயங்கும் நீரிறைப்பானும் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும். தோற்றத்தில் வாத்தாக இருக்கட்டும். பாதுகாப்பில் இக்காலத்ததாக இருக்கட்டும். ஓட்டுநரின் பிழைப்புக்கும் ஊரின் வணிகத்துக்கும் இதனால் குறைவு நேராது. பாஸ்டனில் சாலை விபத்தொன்று ஓர் உயிரைப் பறித்தபின், ஓட்டுபவரே கதைசொல்பவராகவும் இருத்தல் கூடாது என மாசச்சூசெட்ஸ் மாநிலம் 2016ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அங்கு அச்சுற்றுலா இன்றும் நடைபெறுகிறது. விதி தொழிலை அழிக்கும் என்னும் அச்சத்துக்கு இதுவே விடை.

மூன்றாவது வழி ஊர்திகளைப் பற்றியதன்று; நம்மைப் பற்றியது. விபத்தை ஆராய்ந்து அளிக்கப்படும் பரிந்துரை, அலமாரியில் உறங்கும் ஏடாகிவிடக் கூடாது. யார் செய்ய வேண்டும், எந்நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது அதிலேயே எழுதப்பட வேண்டும். செய்யாதவர் ஏன் செய்யவில்லை என்பதை மக்கள்முன் விளக்க வேண்டும். ஹாட் ஸ்பிரிங்ஸ் அறிக்கையை எழுதியவர்கள் அறிவிலோ அக்கறையிலோ குறைந்தவர் அல்லர். அதனைப் படித்தவர்களுள் ‘இது என் பொறுப்பு’ என்று சொல்ல முன்வந்தோர் குறைவு. நோய்க்குக் காரணம் தெரிந்தும் மருந்து வாங்காத வீட்டைப்போல அச்சமூகம் 19 ஆண்டுகளைக் கழித்தது.

நினைவின் முழுமை

இலண்டன் சுற்றுலா 2017ஆம் ஆண்டில் நின்றது. காரணம் தீவிபத்து அன்று. ஊர்திகள் ஆற்றில் இறங்கும் சரிவுத்தளம், தேம்ஸ் ஆற்றைத் தூய்மையாக்கும் கழிவுநீர்ச் சுரங்கப் பணிக்குத் தேவைப்பட்டது. சில வாத்துகளை வெள்ளமும், சிலவற்றை நீதிமன்றமும், சிலவற்றைக் காப்பீட்டுக் கட்டணமும், சிலவற்றை நகர வளர்ச்சியும் கரையேற்றின. திட்டமிட்டு அளிக்கப்பட்ட ஓய்வாக அது பெரும்பாலும் அமையவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல எஞ்சியவையும் அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகும். அதற்குமுன் நாமே முறையாக முடிவெடுப்பது நல்லது.

அருங்காட்சியகத்தில் நிற்கும் ஒவ்வொரு வாத்தின் அருகிலும் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். நார்மண்டி என்று அதில் எழுதியிருக்கும். சிசிலி என்று எழுதியிருக்கும். ஹாமில்டன் ஏரி, டேபிள் ராக் ஏரி என்னும் பெயர்களும் அதில் இடம்பெற வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வீரத்தை மட்டும் எழுதிப் பிழையை மறைத்தால், அது பாதி நினைவாகிவிடும். போரில் அது காத்த உயிர்களையும், அமைதியில் நம் கவனக்குறைவால் அதனோடு மூழ்கிய உயிர்களையும் ஒரே பலகையில் படிக்கும் இளைஞர், நாளை ஒரு பொறியாளராகவோ அதிகாரியாகவோ அமரும்போது, தம் மேசைக்கு வரும் எச்சரிக்கைக் கடிதத்தைப் புரட்டிப் பார்க்காமல் ஒதுக்கிவிட மாட்டார்.

ஓடமும் வண்டியும் இடம் மாறும் பழமொழி இவ்வூர்திக்குப் பொருந்தும் என்று தொடங்கினோம். எண்பது ஆண்டுகள் நிலத்துக்கும் நீருக்கும் இடையே உழைத்த அந்த வாத்து, இப்போது கரையேறி நிற்கட்டும்.